சபையின் கேள்வி நோட்டு

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அண்ணனும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. இருமல் விட்டதா? நாள் முழுக்க அச்சு மை வாசனையில் நிற்கிறவனுக்கு இருமல் எப்படி விடும் என்கிறார் உன் அண்ணன். எனக்கு வலது காது முழுசாகப் போய்விட்டது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் பதினெட்டு வருஷம் நின்றதற்குக் கிடைத்த பரிசு. போன் போடாதே. நீ பேசுவது ஈ பறக்கிற மாதிரிதான் கேட்கிறது. கடிதமே போடு.

ஒரு புது விஷயம். மே மாதம் தேர்தல் வருகிறதல்லவா? போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் எல்லோரையும் உட்காரச் சொன்னார். போன தடவை ஓட்டுப் போட்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். யாருக்கு என்று கேட்கவில்லை. ஓட்டு வயதில் இருக்கிற நூற்றெண்பது பேரில் ஐம்பத்திரண்டு கைகள்தான் எழுந்தன. மற்றவர்களில் பாதிப் பேருக்குப் பட்டியலில் பேரே இல்லை. மீதிப் பேர் அரசியல் சாக்கடை, நமக்கு எதற்கு என்று இருந்தவர்கள். உன் அண்ணன் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். "யார் ஜெயிச்சாலும் ஏழாம் நம்பர் பஸ்ஸை நான்தானே ஓட்டணும்" என்கிறவர்.

போதகர் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஓட்டுப் போடுறதும் ஊழியந்தான். ஆனா தெரியாம போடுறது ஊழியம் இல்ல. யாருக்குப் போடணும்னு நான் சொல்ல மாட்டேன். என்னைக்காவது சொன்னேன்னா, என்னை இந்தப் பீடத்துல இருந்து இறக்கி விட்டுடுங்க."

ஞாயிறுதோறும் வாக்காளர் வகுப்பு என்று தீர்மானமாயிற்று. குழுவில் மூன்று பேர்: போதகர், நான், டைப்பிஸ்ட். டைப்பிஸ்டை உனக்குத் தெரியாது. நாலு வருஷத்துக்கு முன்பு அப்பாவோடு இங்கே குடிவந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும். வாயைத் திறந்தால் ஏதோ நஷ்டமாகிவிடும் என்பது போல இருப்பாள். வீடு வீடாகப் போய்ப் பேர் சரிபார்ப்பதும், ஜனங்களுடைய குறை என்ன என்று கேட்டு எழுதுவதும் எங்கள் வேலை. அதை வைத்துக் கேள்விகள் தயார் செய்து எல்லா வேட்பாளருக்கும் அனுப்புவோம். வருகிற பதிலை வகுப்பில் வாசிப்போம். கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி, அதன்மேல் மூன்று பேரும் கைவைத்து ஜெபம் பண்ணினோம். இங்கே கேட்டது இங்கேயே இருக்கும் என்பது ஒப்பந்தம்.

நீ அச்சகத்தில் இருக்கிறவன். கேள்விகளை எழுதியதும் உனக்கு அனுப்பட்டுமா? வார்த்தை கோணலாக இருந்தால் திருத்திக்கொடு.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

அன்புடன்,
அண்ணி

.

ஜனவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அங்கும் எல்லோரும் நலந்தானே? இருமல் இன்னும் என்னோடுதான் குடியிருக்கிறது. வாடகை மட்டும் தருவதில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. போதகர் ஓட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிடும்.

நான் ஏன் சபைக்கு வருவதை விட்டேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அண்ணனும் கேட்டதில்லை. எனக்கு முதல் ஓட்டு வந்த வருஷம், அப்போதிருந்த பழைய போதகர் ஒரு வேட்பாளரைப் பீடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இவர் நம்ம ஆளு" என்று சொல்லி எல்லோரையும் கைதூக்கச் சொன்னார். நானும் தூக்கினேன். ஆறு மாதத்தில் சபைக்குப் புதுக் கூரை வந்தது. அந்தக் கூரையைப் பார்க்கும்போதெல்லாம் என் ஓட்டு அங்கே ஆணி அடித்துக் கிடப்பதாகத் தோன்றும். அதன்பிறகு என்னால் அதன் கீழே உட்கார முடியவில்லை.

உங்கள் போதகர் நல்லவராகவே இருக்கலாம். யாருக்கு என்று சொல்ல மாட்டேன் என்று முந்திக்கொண்டு சொல்கிறவரைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். அவர் வீட்டுக்கு யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த டைப்பிஸ்ட் பகலில் எங்கே வேலை செய்கிறாள்? நோட்டு யார் வீட்டில் இருக்கிறது?

கேள்விகளை அனுப்புங்கள். ஜனங்கள் சொன்னதையும் சேர்த்து அனுப்பினால் கேள்வி சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
தம்பி

.

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவர் கிருபையால் இருவரும் சுகம். கூரை விஷயத்தை உன் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். உன்னைக் கேட்காமல் விட்டது எங்கள் தப்புதான்.

ஆனால் நீ எழுதியது எனக்குள் புகுந்துகொண்டது. முன்னெல்லாம் போதகர் வீட்டு ஜன்னல் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது சலவைக்கூடத்திலிருந்து திரும்பும்போது கால் தானாக மெதுவாகிறது. போன வியாழன் சாயங்காலம் வாசலில் வெள்ளை நிறக் கார் ஒன்று நின்றது. உள்ளே போதகரும் இன்னொருவரும். அரைமணி நேரம் பேசினார்கள். ஜன்னல் வழியே உதடு அசைவது தெரிந்தது. காது இருந்திருந்தால்கூடக் கேட்டிருக்காது. மறுநாள் குழுவில் அதைப் பற்றிப் போதகர் மூச்சுவிடவில்லை. நானும் கேட்கவில்லை.

வேலை நன்றாகத்தான் நடக்கிறது. தொண்ணூறு வீடு முடித்துவிட்டோம். மருத்துவமனைச் சந்தில் எல்லோரும் சொல்வது பிரசவ வார்டு லிஃப்டைத்தான். எட்டு மாதமாக ஓடவில்லை. வலி வந்த பெண்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறார்கள். அந்த விரிப்புகளைத் துவைப்பவள் நான், எனக்குத் தெரியாதா? ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குழாயில் பழுப்பு நிறத் தண்ணீர். மாவு மில் தெருவில் விளக்கே கிடையாது.

அந்த மாவு மில் தெருவில்தான் பூட்டுக் கடைக்காரர் வீடு. அவர் மனைவி கதவைச் சாத்திவிட்டு என்னிடம் ஒன்று சொன்னாள். ஒவ்வொரு தேர்தலிலும் வீட்டுக்கு வரும் வாக்காளர் சீட்டை அவள் கணவர் வாங்கி வைத்துக்கொண்டு, எதில் குத்த வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புவாராம். "இந்த ஒரு தடவையாவது நானா யோசிச்சுப் போடணும்க்கா" என்றாள். சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே பயந்துபோனாள். அதையும் நோட்டில் எழுதினேன், பேர் போடாமல்.

நோட்டை டைப்பிஸ்ட்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள், தட்டச்சு செய்ய வேண்டும் என்று. எனக்கு அது இப்போது உறுத்துகிறது. ஆகவே நான் எழுதிய பக்கங்களை என் கையாலேயே இன்னொரு பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கேள்விகளும் இருக்கின்றன. நீ மட்டும் படி. குழுவில் இதைச் சொல்லவில்லை.

ஆண்டவர் துணை.

அண்ணி

.

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். பிரதி கிடைத்தது. அவசரத்தில் எழுதுகிறேன். வேலையில் கொஞ்சம் மாற்றம். இயந்திரத்திலிருந்து எடுத்துப் பக்கம் வடிவமைக்கும் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாற்காலி, விசிறி எல்லாம் உண்டு. இருமலுக்கு நல்லது. விவரம் பிறகு எழுதுகிறேன்.

கேள்விகள் நேராகத்தான் இருக்கின்றன. நான்காவதை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. அங்கே எத்தனை வீடு? இன்னும் முடிவு செய்யாதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? தண்ணீரைத் தவிர வேறு என்ன பேசுகிறார்கள்? தெரிந்தால் எழுதுங்கள், கேள்வியை இன்னும் கூர்மையாக்கலாம்.

டைப்பிஸ்ட் எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டிருந்தேன். நீங்கள் பதில் எழுதவில்லை. நான் கவனிப்பது அவளைத்தான்.

அன்புடன்,
தம்பி

.

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீ நாற்காலியில் உட்கார்ந்த செய்தி கேட்டு உன் அண்ணன் டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டார். ஜெபத்தில் நன்றி சொன்னேன்.

நீ கேட்டபடி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நானே இரண்டு சாயங்காலம் நடந்தேன். அறுபத்தோரு வீடு. முடிவு செய்யாதவர்கள் பாதிக்கு மேல். தண்ணீருக்கு அடுத்தபடி ரயில்வே கேட்டைத்தான் சொல்கிறார்கள். நாற்பது நிமிஷம் மூடிக் கிடக்கிறதாம். விவரம் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

இனி டைப்பிஸ்ட். விசாரித்தேன். கடைத்தெருவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை. அந்த வக்கீல் யார் தெரியுமா? ஐந்து வேட்பாளரில் மூன்றாவதாகப் பேர் கொடுத்திருப்பவருடைய மைத்துனர். நாலு வருஷமாக என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிறவள், இதை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன ஞாயிறு வகுப்பு முடிந்து நாற்காலி மடக்கும்போது கேட்டேவிட்டேன். அவள் நிதானமாக நாற்காலியைச் சுவரில் சாய்த்துவிட்டு என் இடது பக்கம், கேட்கிற காதுப் பக்கம் வந்து நின்றுகொண்டு சொன்னாள். "வயித்துப் பொழப்புக்கு அங்க டைப் அடிக்கிறேன்க்கா. அங்க அடிக்கிறதை இங்க சொல்றதில்ல. இங்க அடிக்கிறதை அங்க சொல்றதில்ல." அவ்வளவுதான். ஒரு வருத்தம் இல்லை, ஒரு பதற்றம் இல்லை. குற்றம் இல்லாதவளுக்குக் கோபமாவது வரவேண்டாமா?

அவள் நோட்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போவதைத் தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜெபித்துக்கொள். நீ ஜெபிப்பதில்லை என்று தெரியும், இருந்தாலும்.

அண்ணி

.

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்குச் சுகந்தான். மற்றபடி சுகமில்லை.

திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது கதவிடுக்கில் ஒரு துண்டுப்பிரசுரம் கிடந்தது. மூன்றாம் வேட்பாளருடையது. "சபை மக்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லும் ஒரே வேட்பாளர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நாங்கள் இன்னும் யாருக்கும் கேள்விகளை அனுப்பவேயில்லை, தம்பி. இந்த ஞாயிறுதான் அனுப்புவதாக இருந்தோம்.

அது மட்டுமில்லை. ஒவ்வொரு தெருவுக்கும் வேறு வேறு தாள். எங்கள் சந்துக்குப் பிரசவ வார்டு லிஃப்ட். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தண்ணீரும் ரயில்வே கேட்டும். வீட்டுக்குள் உட்கார்ந்து எங்களிடம் பேசியதெல்லாம் அச்சில் வந்துவிட்டது. மாவு மில் தெருத் தாளில் என்ன இருந்தது தெரியுமா? "உங்கள் ஓட்டை உங்கள் கணவர் தீர்மானிக்கிறாரா? இந்த ஒரு தடவையாவது நீங்களே யோசித்துப் போடுங்கள்." அந்தத் தெருவில் ஏழு வீடுதான். பூட்டுக் கடைக்காரர் தாளை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போயிருக்கிறார். செவ்வாய்க்கிழமை அவளைச் சலவைக்கூடத்துக்கு எதிரே வெளிநோயாளிப் பிரிவில் பார்த்தேன். கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புதன்கிழமை தேர்தல் அலுவலர் வந்து, சபை ஒரு வேட்பாளருக்காக வேலை செய்கிறதா என்று போதகரை ஒருமணி நேரம் விசாரித்தார். சபையை விற்றுவிட்டார் என்று போதகரைச் சிலர் வாய்விட்டே பேசினார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. முன்பு கைகுலுக்கியவர்கள் இப்போது கையைப் பார்க்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டம். யார் வெளியே சொன்னது என்று போதகர் கேட்டார். நான் எழுந்து டைப்பிஸ்டைக் காட்டிச் சொன்னேன். வக்கீலைச் சொன்னேன், மைத்துனரைச் சொன்னேன், நோட்டு அவள் வீட்டில் இருந்ததைச் சொன்னேன். அவள் எழுந்து எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். "நான் சொல்லல" என்றாள். கைப்பையிலிருந்து நோட்டையும் கூடத்துச் சாவியையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். நல்லவேளை தொலைந்தது என்று ஒருவர் சொன்னார்.

நான் அனுப்பிய பிரதியை நீ பத்திரமாக வைத்திருக்கிறாய்தானே? சும்மாதான் கேட்கிறேன்.

உடனே பதில் போடு.

அண்ணி

.

ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

பன்னிரண்டு நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே வகுப்பு நின்றுபோயிற்று. பட்டியலில் சேரப் படிவம் எழுதிக்கொடுத்த நாற்பத்தாறு பேரில் முப்பது பேர் திருப்பிக் கேட்கிறார்கள். ஓட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்கிறார்கள். சேர்ப்பதற்குக் கடைசி நாள் இந்த மாதம் இருபத்தெட்டு.

வக்கீல் டைப்பிஸ்டை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். அவர் பேர் சபைக் கூட்டத்தில் அடிபட்டது அவருக்குப் பிடிக்கவில்லையாம். வேட்பாளருக்கு உளவு சொன்னவள் என்றால் அவர் ஏன் அனுப்ப வேண்டும்? நேற்று உருளையில் விரிப்பைச் செலுத்திக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வி வந்தது. வந்ததிலிருந்து போகவில்லை.

உன் அண்ணன் நேற்று, "சின்னவன்கிட்ட இருந்து லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

எழுது தம்பி. என்னவாக இருந்தாலும் எழுது.

அண்ணி

.

ஏப்ரல் 13

அண்ணி,

நான்தான்.

நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உங்கள் பிரதி வந்த அன்று எங்கள் அச்சகத்துக்கு அந்த வேட்பாளரின் வேலை வந்தது. முதலாளி, "உங்க ஊர்தானே? அங்க ஜனங்க என்ன பேசிக்கிறாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்றேன். அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. பையிலிருந்து எடுத்து நானே மேசையில் வைத்தேன். இரண்டாம் நாள் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்தத் தாள்களில் இருக்கிற ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. பூட்டுக் கடை அம்மா சொன்ன வரியை, நன்றாக இருக்கிறது என்று முதலாளி பாராட்டினார்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி உங்களிடம் கேட்டது அவர்களுக்காக. டைப்பிஸ்ட் பேரை முதல் கடிதத்தில் எழுதியபோது உண்மையாகவே சந்தேகப்பட்டேன். இரண்டாம் கடிதத்தில் எழுதியபோது, நீங்கள் என் பக்கம் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

எப்படியும் இந்தச் சபையை யாராவது விற்கத்தான் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் விற்றது நான்.

அண்ணனிடம் சொல்ல வேண்டாம். இதைப் படித்ததும் எரித்துவிடுங்கள். எரிக்காமல் விட்டாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

.

ஏப்ரல் 22

தம்பிக்கு,

உன் அண்ணனும் நானும் உயிரோடு இருக்கிறோம்.

நீ எழுதியதை நான் எரிக்கவில்லை. முதலில் உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துக்கொடுத்தார். "யாருகிட்ட முதல்ல போகணுமோ அங்க போ" என்றார்.

டைப்பிஸ்ட் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. அவர் அப்பா கட்டிலில் படுத்திருந்தார். மேசைமேல் தட்டச்சு இயந்திரம் உறை போட்டு இருந்தது. கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தார். நான் உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். என் கொழுந்தன் இப்படிச் செய்வான் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க கொழுந்தனார் விஷயம் அப்புறம் இருக்கட்டும். பிரதி அனுப்பினது உங்களுக்குத் தெரியும்தானே? அது தெரிஞ்சும் நீங்க எழுந்து நின்னீங்களே அக்கா."

தம்பி, இதை உனக்கும் சொல்லிவிடுகிறேன். அன்று கூட்டத்தில் யார் சொன்னது என்று போதகர் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நீதான். வந்ததால்தான் அவ்வளவு வேகமாக எழுந்தேன். வேறொரு பேரைச் சொல்லிவிட்டால் உன் பேர் என் வாய்க்குள்ளேயே கிடக்கும் என்று இருந்தது. நீ என்னை ஏமாற்றியது பாதிதான். மீதியை நானே செய்துகொண்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். நான் எந்த இடத்தில் நின்று அவர் பேரைச் சொன்னேனோ அதே இடத்தில் நின்று, இந்தக் கடிதத்தை முழுசாக வாசிக்க வேண்டும் என்றார். "உங்களைப் பத்தின பாகத்தையும் சேர்த்து" என்றார். அதற்கு முன்னால் பூட்டுக் கடை அம்மாவைப் போய்ப் பாருங்கள் என்றார்.

போனேன். அவள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "இனிமே எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க. நானும் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள். இதற்கு நான் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஞாயிறு வாசித்தேன். என் குரல் எனக்குப் பாதிதான் கேட்டது. மற்றவர்களுக்கு முழுசாகக் கேட்டிருக்கிறது என்பது முகங்களில் தெரிந்தது. என்னை உறுப்பினர் பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அது கூடாது என்று போதகர் சொன்னார். குழுவில் இனி எனக்கு இடமில்லை என்பதும் தீர்மானமாயிற்று. அந்த வெள்ளைக் காரைப் பற்றியும் அன்றுதான் கேட்டேன். ஒரு வேட்பாளரின் ஆள், பீடத்தில் ஐந்து நிமிஷம் பேச இடம் கேட்டு வந்தவராம். முடியாது என்று அரைமணி நேரம் சொல்ல வேண்டியிருந்ததாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றார்.

டைப்பிஸ்ட்தான் இப்போது செயலாளர். திங்கட்கிழமையே கூடத்தில் இயந்திரத்தை வைத்து அடிக்க ஆரம்பித்துவிட்டார். படிவத்தைத் திருப்பிக் கேட்ட முப்பது பேரில் இருபத்திரண்டு பேர் வந்துவிட்டார்கள். நான் நாற்காலி போடுகிறேன், குடிக்கத் தண்ணீர் வைக்கிறேன். நோட்டுப் பக்கம் போவதில்லை.

அந்த வேட்பாளர் தாளைப் பற்றி நீயே எங்கே போய்ச் சொல்ல வேண்டுமோ அங்கே போய்ச் சொல். நான் சொல்லி நீ செய்ய வேண்டாம்.

அண்ணி

.

மே 1

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே தேர்தல் அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கொடுத்துவிட்டேன். மூன்று பக்கம். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. முதலாளி அன்றைக்கே என்னை மேசையிலிருந்தும் இயந்திரத்திலிருந்தும் ஒரே மூச்சில் விடுவித்தார். இப்போது ஒரு பைண்டிங் கடையில் பள்ளி நோட்டுக்கு அட்டை ஒட்டுகிறேன். பசை வாசனைக்கு இருமல் வருவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். என் பேர் இன்னும் அங்கே, பழைய வீட்டு முகவரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கைதூக்கிய அந்த வருஷத்துக்குப் பிறகு நான் ஓட்டுப் போட்டதில்லை. இந்தத் தடவை போட வேண்டும் போல இருக்கிறது. வரலாமா? அண்ணன் முகத்தையும் உங்கள் முகத்தையும் எப்படியாவது பார்த்துவிடுவேன். மற்றவர்கள் முன்னால் வர எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி போடுங்கள்.

தம்பி

.

மே 9

ஐயா,

வணக்கம். வாக்காளர் வகுப்புக் குழுவின் சார்பில் எழுதுவது. வெளியூரில் வேலை பார்க்கும் நமது பகுதி வாக்காளர்கள் பத்தொன்பது பேருக்கும் இதே கடிதம் அனுப்பப்படுகிறது.

தங்கள் பெயர் பட்டியலில் 214ஆம் வரிசையில் சரியாக உள்ளது. வாக்குச்சாவடி: பெண்கள் பள்ளி, கிழக்கு வாசல். நேரம்: காலை ஏழு முதல் மாலை ஆறு வரை. அடையாள அட்டை அவசியம். குழு அனுப்பிய கேள்விகளுக்கு ஐந்து வேட்பாளர்களும் தந்த பதில்களின் பிரதி இத்துடன் உள்ளது. ஐந்தையும் முழுமையாகப் படித்து, யோசித்து, தங்கள் மனச்சாட்சிப்படி வாக்களிக்குமாறு வேண்டுகிறோம். யாருக்கு என்று இந்தக் குழு சொல்வதில்லை. யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்பதும் இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்

மேலே தட்டச்சில் இருப்பது எல்லோருக்கும். கையால் எழுதும் இது உங்களுக்கு மட்டும்.

உங்கள் அண்ணி உங்கள் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். வரலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லத் தமக்கு வாய் வரவில்லை, நீங்களே எழுதுங்கள் என்றார். அதனால் எழுதுகிறேன்.

பட்டியல் சரிபார்க்கும் வேலை என்னுடையது. இந்த முகவரியில் தற்போது இல்லை என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் பெயர் போயிருக்கும். பேனாவைத் திறந்தும் வைத்தேன். வேலைக்காகத்தான் வெளியூர் போயிருக்கிறான், வீடு இதுதான் என்று உங்கள் அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அது உண்மை. ஆகவே சரி என்று குறியிட்டேன்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் உங்களை மன்னிக்கவில்லை. அதற்காக ஜெபிக்கிறேன் என்று சொல்லலாம், ஆனால் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

வாக்குப்பதிவு நாள் முழுவதும் கிழக்கு வாசலில் நான்தான் நிற்பேன். நீங்கள் வந்தால், வருகிற எல்லோருக்கும் சொல்வது போல உங்களுக்கும் வணக்கம் சொல்லி எந்த அறை என்று காட்டுவேன். அதற்கு மேல் நாம் எதுவும் பேச வேண்டியதில்லை. வரிசை நீளமாக இருக்கும். சீக்கிரம் வாருங்கள்.